மழபாடியை மறவாத மனம்

கல்லூரி மாணவர்க்குச் சுந்தரர் வாழ்வு காட்டும் நெறி

மனிதப் பிறவியில் இளமை ஒருமுறையே வருவது. அவ்விளமையிலும் கல்லூரிக் காலம் மிகக் குறுகியது. மூன்று அல்லது நான்கு ஆண்டுகளே அதன் அளவு. ஆயினும் பிற்கால வாழ்வு முழுவதற்குமான விதை அச்சில ஆண்டுகளிலேயே ஊன்றப்படுகிறது. பள்ளிப் பருவம் வரை பெற்றோரின் கைப்பிடியில் வளர்ந்த பிள்ளை, பதினெட்டாம் வயதில் கல்லூரி வாயிலில் அடியெடுத்து வைக்கும்போது முதன்முறையாகத் தனித்து நிற்கிறது. ‘நீ யார்?’ என்று உலகம் கேட்கிறது. அதற்கு விடை சொல்லத் தெரியாத தடுமாற்றமே மாணவப் பருவத்துத் துன்பங்கள் பலவற்றிற்கும் வேராகும்.

பெரம்பலூர், அரியலூர் ஆகிய இரு மாவட்டங்களிலும் இத்தடுமாற்றம் கண்கூடு. மானாவாரி நிலத்தில் பருத்தியும் மக்காச்சோளமும் விளைவிக்கும் குடும்பங்கள், முந்திரிக் காடுகளை நம்பி வாழும் குடும்பங்கள், சுண்ணாம்புக்கல் சுரங்கங்களிலும் சிமெண்ட் ஆலைகளிலும் உழைக்கும் குடும்பங்கள், தறியில் பட்டு நெய்யும் குடும்பங்கள் ஆகியவற்றிலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வருவோர் இங்குப் பலர். அன்னாருக்கு வழிகாட்ட வீட்டில் முன்னோடி இல்லை. ஆனால் அவர்கள் பிறந்த மண்ணிலேயே, அரியலூர் மாவட்டத்துக் கொள்ளிடக் கரையில், ஓர் இளைஞரின் திருவடி பதிந்த தலம் உள்ளது. அவ்விளைஞர் சுந்தரமூர்த்தி சுவாமிகள். அவர் இவ்வுலகில் வாழ்ந்தது பதினெட்டு ஆண்டுகளே என்பது சைவ மரபு. இன்று கல்லூரியில் சேரும் வயது எதுவோ அதுவே அவருடைய முழு வாழ்நாள். ஆதலின் அவர் வரலாறு மாணவர்க்கு மிகவும் அணுக்கமானது.

திருமழபாடித் தலச் சிறப்பு

அருள்மிகு வைத்தியநாத சுவாமி திருக்கோயில் கொள்ளிடத்தின் வடகரையில் அமைந்துள்ளது. ஆறு இத்தலத்தருகே வடக்கு நோக்கித் திரும்பிப் பாய்வதால் இது சிறப்புடைய தீர்த்தத் துறையாகப் போற்றப்படுகிறது. மார்க்கண்டேயர் பொருட்டு இறைவன் மழுவேந்தி ஆடியருளிய இடம் ஆதலின் மழுவாடி எனப் பெயர் பெற்று, பின்னர் மழபாடி என வழங்கியது என்பது தலவரலாறு. அம்மை சுந்தராம்பிகை. திருநந்திதேவரின் திருமணம் ஆண்டுதோறும் பங்குனித் திங்களில் இங்கு நிகழும்போது, திருவையாற்றிலிருந்து ஐயாறப்பர் எழுந்தருள, கரை கொள்ளாத கூட்டம் கூடும். திருஞானசம்பந்தர், திருநாவுக்கரசர், சுந்தரர் ஆகிய மூவரும் இத்தலத்தைப் பாடியுள்ளனர்.

இறைவனின் திருப்பெயர் வைத்தியநாதர் என்பது ஈண்டு நினையத்தக்கது. உடற்பிணியோடு உள்ளப் பிணியும் பிணியே. அதனை மறைத்தல் தகாது, தீர்த்துக்கொள்ளலே அறிவுடைமை. இப்பெயரின் பொருளை மனத்திற்கொண்டு சுந்தரர் வரலாற்றின் பகுதிகளை முறையே காணலாம்.

முதற்பாடம்: கிழிந்த ஓலையும் கிழியாத உண்மையும்

திருநாவலூரில் சடையனாருக்கும் இசைஞானியாருக்கும் மகனாகத் தோன்றியவர் நம்பியாரூரர். அந்நாட்டுத் தலைவர் நரசிங்க முனையரையர் அக்குழந்தையின் அழகைக் கண்டு வேண்டிப் பெற்றுத் தம் அரண்மனையில் வளர்த்தார். கல்வி, செல்வம், அழகு, செல்வாக்கு என இளைஞர் விரும்பும் அனைத்தும் அவருக்கு அமைந்தன. புத்தூரில் அவர் மணப்பந்தலில் அமர்ந்திருந்த வேளையில் முதியவர் ஒருவர் வந்து, “இவன் எனக்கு வழிவழி அடிமை, இதோ ஓலை” என்றார். அவையோர் நகைத்தனர். மணமகன் சினந்தார், முதியவரைப் பித்தர் என்று இகழ்ந்தார், துரத்திச் சென்று ஓலையைப் பறித்துக் கிழித்தார்.

கிழிந்தது படி ஓலையே. திருவெண்ணெய்நல்லூர் அவையில் முதியவர் மூல ஓலையைக் காட்டினார். பாட்டனாரின் கையெழுத்து ஒத்திருந்தது. அவை முதியவர் பக்கம் தீர்ப்பளித்தது. வழக்கில் தோற்ற இளைஞர் முதியவரைப் பின்தொடர்ந்து சென்றார். முதியவரோ திருக்கோயிலுள் புகுந்து மறைந்தார். வந்தவர் யார் என்பது அப்போதுதான் விளங்கியது. பாடுக என்று இறைவன் பணித்தார். எப்படிப் பாடுவது என்று அறியாது நின்றவரிடம், சினத்தில் தம்மை அழைத்த அந்தப் பெயரையே முதலாகக் கொண்டு பாடுமாறு அருளினார்.

இந்நிகழ்ச்சியில் மாணவர் கொள்ளத்தக்கவை இரண்டு. தமக்கு வாய்த்த அழகும் செல்வமும் புகழுமே தாம் என்று நம்பியாரூரர் எண்ணியிருந்தார். அவை மேலாடைகளே என்பதை அந்த ஓலை உணர்த்தியது. இன்றைய மாணவர்க்கும் உடை, கைப்பேசி, இருசக்கர வாகனம், ஆங்கிலப் பேச்சு, சமூக ஊடகத்தில் கிடைக்கும் விருப்பக் குறிகள் ஆகியன மேலாடைகள். அவை உள்ளவன் தன்னை உயர்ந்தவன் என்றும், இல்லாதவன் தன்னைத் தாழ்ந்தவன் என்றும் மயங்குகிறான். இரண்டும் ஒரே பிழையின் இரு முகங்கள்.

மற்றொன்று, சினத்தில் சொன்ன சொல்லுக்கும் மீட்சி உண்டு என்பது. இகழ்ச்சியாகப் பிறந்த சொல்லே துதியின் முதற்சொல்லாயிற்று. பெற்றோரிடமோ ஆசிரியரிடமோ சினந்து பேசிவிட்ட மாணவர், ‘இனி எந்த முகத்தோடு பேசுவது?’ என்று வருந்தி விலகிச் செல்லல் வேண்டா. உறவை முறித்த இடத்திலிருந்தே உறவைத் தொடங்கலாம். முதலில் பேசவேண்டும்; அவ்வளவே.

இரண்டாம் பாடம்: தொழிலால் தாழ்ந்தவர் எவருமிலர்

ஒரு மாணவனை எண்ணிப் பார்த்தல் தகும். அவன் ஆண்டிமடம் பக்கத்துச் சிற்றூரினன். தந்தை முந்திரிக்கொட்டை உடைக்கும் கொட்டகையில் வேலை செய்பவர். கொட்டையின் எண்ணெய் பட்டுப் பட்டு அவர் விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருக்கும். மகன் பெரம்பலூரில் ஒரு கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறான். தந்தை என்ன செய்கிறார் என்று அறைத்தோழர் கேட்டபோது, ‘முந்திரி வியாபாரம்’ என்று சொல்லிவிட்டான். பொய் என்று சொல்ல முடியாத பொய் அது. விடுதிக் கட்டணம் செலுத்தத் தந்தை நேரில் வருவதாகச் சொன்னபோது, வரவேண்டா, பணத்தை அனுப்பிவிடுங்கள் என்றான். தந்தைக்குக் காரணம் புரியாமலில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் பணத்தை அனுப்பினார். அன்று முதல் மகன் தோழரோடு சிரிக்கும்போதும் உள்ளே ஒரு முள் உறுத்திக்கொண்டேயிருந்தது.

இத்தகைய மாணவனுக்குத் திருவாரூர் நிகழ்ச்சி ஒன்று மருந்தாகும். அங்குத் தேவாசிரிய மண்டபத்தில் அடியார்கள் கூடியிருந்தனர். சுந்தரர் அவர்களை வணங்காமல் நேரே பெருமானை வணங்கச் சென்றார். விறன்மிண்ட நாயனார் அதனைக் கண்டு பொறாராய், அடியாரை மதியாத இவர் நமக்குப் புறம்பானவர் என்று கூறினார். அவ்வுரையின் நியாயத்தை உணர்ந்த சுந்தரர், இறைவன் பணித்தவாறு திருத்தொண்டத்தொகை பாடினார். தனியடியார் அறுபதின்மரும் தொகையடியார் ஒன்பதின்மரும் அதில் போற்றப்பெறுகின்றனர். பின்னர்ச் சேக்கிழார் பெரியபுராணம் பாடுதற்கு அதுவே அடிப்படையாயிற்று.

அத்தொகையில் இடம்பெற்றோர் யாவர்? மட்கலம் வனைந்த திருநீலகண்டர், ஆடை வெளுத்த திருக்குறிப்புத்தொண்டர், கடலில் வலைவீசிய அதிபத்தர், தறியில் நெய்த நேசர், வேட்டையாடிய கண்ணப்பர், செக்காட்டிய கலியர், இசைக்கருவிகளுக்குத் தோலும் நரம்பும் அளித்த திருநாளைப்போவார் ஆகியோர் மன்னரோடும் அமைச்சரோடும் ஒரே வரிசையில் நிற்கின்றனர். அரண்மனையில் வளர்ந்த இளைஞர் ஒருவர், மட்கலம் வனைந்தவர்க்கும் தாம் அடியேன் என்று பாடினார். அதனால் அவர் தாழ்ந்துவிடவில்லை. அன்றுதான் அடியார் கூட்டத்தில் ஒருவரானார்.

தந்தையின் தொழிலை மறைக்கும் மாணவன் மறைப்பது தந்தையையன்று, தன்னையே. கறுத்த விரல்களின் உழைப்பால் வந்ததே அவன் கையிலுள்ள நூல். அரசுப் பள்ளியில் தமிழ்வழியில் பயின்றமையும் அவ்வாறே மறைக்கத்தக்கதன்று. ஆங்கிலம் பயிற்சியால் வரும் ஒரு திறன். நாள்தோறும் அரைமணி நேரம் உரக்கப் படித்தும், பிழைக்கு அஞ்சாது பேசியும் வந்தால் ஓராண்டில் பெரிதும் கைகூடும். தன் குடியைக் குறித்த நாணமோ பயிற்சியால் நீங்குவதன்று. உண்மையை ஒருமுறை வாய்திறந்து சொன்னால் நீங்கும்.

மூன்றாம் பாடம்: மறதியை நீக்கிய கனவு

சுந்தரர் காவிரியின் தென்கரைத் தலங்களை வணங்கி வருகையில் ஓரிரவு திருவாலம்பொழிலில் துயின்றார். அப்போது இறைவன் கனவில் தோன்றி, மழபாடிக்கு வர எண்ணாது மறந்தனையோ என வினவியருளினார். சுந்தரர் விழித்தெழுந்தார், தம் கூட்டத்தாருடன் காவிரியைக் கடந்து வடகரை சேர்ந்தார், திருமழபாடி அடைந்து பாடினார். அப்பதிகம் ஏழாம் திருமுறையில் 24ஆம் பதிகமாக விளங்குகிறது. இறைவனைப் பொன்போலும் திருமேனி உடையவர் என்று போற்றத் தொடங்கும் சுந்தரர், அவரைத் தாய் என்றும் விளித்து, இனித் தமக்கு நினைப்பதற்கு வேறு எவருளர் என்று உருகுகிறார்.

இங்கு ஒரு நுட்பம் உண்டு. மறந்தவர் சுந்தரர், மறவாதவர் இறைவன். மறந்தவரை அவர் கடிந்து ஒதுக்கவில்லை, அழைத்தார். பெற்றோரின் அன்பும் அத்தன்மையதே. புதிய ஊர், புதிய தோழர், புதிய பழக்கங்கள் ஆகியவற்றில் ஆழ்ந்த மாணவன் வீட்டை மறக்கலாம். வீடு அவனை மறப்பதில்லை. மாலை வேளையில் வரும் தாயின் தொலைபேசி அழைப்பை ‘அப்புறம் பேசுகிறேன்’ என்று துண்டிக்கும் ஒவ்வொரு முறையும், ஆலம்பொழிலில் எழுந்த வினாவே மீண்டும் எழுகிறது.

வீட்டை விட்டுப் பிரிந்த ஏக்கத்தால் வாடும் மாணவர்க்கும் இதில் ஆறுதல் உண்டு. முதலாண்டு விடுதி வாழ்வில் இரவு உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, காரணமறியாத அழுகை ஆகியன பலர்க்கும் நேர்வன. இவை கோழைத்தனத்தின் அறிகுறிகள் அல்ல. அன்புடைய நெஞ்சின் இயல்பு. குறித்த வேளையில் வீட்டாரோடு பேசுதல், உறங்கவும் உண்ணவும் ஒழுங்கான நேரம் வகுத்தல், மாலையில் விளையாடுதல் அல்லது நடத்தல், வாரம் ஒருமுறை அருகிலுள்ள திருக்கோயிலில் சிறிது நேரம் அமைதியாக அமர்தல் ஆகியன இவ்வாட்டத்தைப் படிப்படியாகக் குறைக்கும். படித்தவை நினைவில் நிலைபெறுவதற்கு உறக்கமே துணை. ஆதலின் நள்ளிரவு கடந்தும் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருத்தல், பகலெல்லாம் கற்றதை இரவில் கரைப்பதாகும்.

நான்காம் பாடம்: துயரைச் சொன்ன செல்லியம்மன்

பெரம்பலூருக்குத் தெற்கே, திருச்சி நெடுஞ்சாலையை ஒட்டி அமைந்தது சிறுவாச்சூர் அருள்மிகு மதுரகாளியம்மன் திருக்கோயில். திங்களும் வெள்ளியும் இங்கு வழிபாட்டிற்குரிய சிறப்பு நாள்கள். இத்தலத்தின் செவிவழி வரலாறு மாணவர் அறிய வேண்டியதொன்று.

முன்பு இவ்வூரில் செல்லியம்மன் வீற்றிருந்தாள். மந்திரவாதி ஒருவன் தன் மந்திர வலிமையால் அவளைக் கட்டுப்படுத்தித் தான் ஏவியவற்றைச் செய்வித்து வந்தான். ஒருநாள் மதுரையிலிருந்து சினம் ஆறாது வந்த காளி, அவ்விடத்தில் ஓரிரவு தங்க இடம் கேட்டாள். கண்ணகியே அவ்வாறு வந்தாள் என்பாரும் உளர். செல்லியம்மன் தன் நிலையை அவளிடம் எடுத்துரைத்தாள். தங்க வந்த காளி அவளுக்குத் துணையாக நின்று மந்திரவாதியை அழித்தாள். விடுதலை பெற்ற செல்லியம்மன், அவ்விடத்தில் மதுரகாளியே வீற்றிருக்க வேண்டுமென்று கூறி, அருகிலுள்ள பெரியசாமி மலைக்குச் சென்று அமர்ந்தாள். இன்றும் தீபாராதனையின்போது அம்மலையை நோக்கி முதலில் தீபம் காட்டுவது மரபு.

தெய்வமே தன் துயரை மற்றொருவரிடம் வாய்விட்டுச் சொன்னது என்பதே இவ்வரலாற்றின் உயிர்நிலை. சொல்லியதால் அது சிறுமையடையவில்லை, விடுதலையடைந்தது. அப்படியிருக்க, ‘என் வேதனையைச் சொன்னால் என்னைப் பலவீனன் என்பார்கள்’ என்று இளையோர் வாய்மூடியிருத்தல் எவ்வாறு பொருந்தும்?

மாணவனைக் கட்டுப்படுத்தும் மந்திரவாதிகள் இன்று பலர். மூத்த மாணவரின் பகடிவதை ஒன்று. மது, புகை முதலிய தீயபழக்கத்திற்கு இழுக்கும் கூட்டம் ஒன்று. கைப்பேசிச் சூதாட்டமும் அதனால் விளைந்த கடனும் ஒன்று. காதல் என்ற பெயரில் வரும் மிரட்டல் ஒன்று. இவை அனைத்தின் வலிமையும் ஒரே இடத்தில் உள்ளது. அகப்பட்டவர் வெளியில் சொல்லமாட்டார் என்பதே அது. சொன்னவுடன் பாதி வலிமை அழிகிறது.

பகடிவதையைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே தனிச்சட்டம் இயற்றப்பட்டது. குற்றம் செய்தவர்க்கு இரண்டாண்டு வரை சிறையும், பத்தாயிரம் ரூபாய் வரை தண்டமும் விதிக்க அதில் இடமுண்டு. புகார் அளிக்க 1800-180-5522 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் நாடு முழுவதற்கும் உள்ளது. மனத்துயர் மிகுந்தவர், 2022 அக்டோபர் 10 அன்று நடுவண் அரசு தொடங்கிய டெலி மானஸ் என்னும் மனநல உதவிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம்; தமிழிலேயே பேசலாம். மாநில அரசின் 104 மருத்துவ உதவி எண்ணும் உண்டு. காய்ச்சலுக்கு மருத்துவரை நாடுதல் போன்றதே மனவாட்டத்திற்கு மனநல மருத்துவரை நாடுதலும். வைத்தியநாதரின் பெயரால் மருத்துவம் சிறப்புப் பெற்ற மண்ணில் இதற்கு நாணம் வேண்டா.

தோழரின் கடமையும் ஈண்டு உண்டு. ஓரிரவு தங்க வந்த காளி, ‘இது என் ஊர்ச் செய்தியன்று’ என்று விலகவில்லை. கலகலப்பாக இருந்த அறைத்தோழன் திடீரென ஒதுங்குவானாயின், உணவை மறுப்பானாயின், தான் இருந்து பயனில்லை என்பது போன்ற சொற்களைச் சொல்வானாயின், அதனை விளையாட்டென்று கொள்ளலாகாது. அருகில் அமர்ந்து, நேரே கேட்டு, அவன் சொல்வதை இடைமறியாது கேட்டல் வேண்டும். அவனைத் தனியே விடாது விடுதிக் காப்பாளரிடமோ ஆசிரியரிடமோ பெற்றோரிடமோ அழைத்துச் செல்லல் வேண்டும். அவ்வாறு செய்தவன் நட்பைக் காட்டிக்கொடுத்தவன் ஆகான். நண்பனைக் காத்தவன் ஆவான்.

ஐந்தாம் பாடம்: ஊன்றுகோலுடன் நடந்த நாள்கள்

இறைவனுக்குத் தோழர் என்று போற்றப்பெற்ற சுந்தரருக்கும் வீழ்ச்சி நேர்ந்தது. திருவொற்றியூரில் சங்கிலியாரை மணந்தபோது, பிரியேன் என்று மகிழ மரத்தடியில் சூளுரைத்தார். பின்னர்த் திருவாரூர் வசந்த விழாவின் நினைவு மேலிட, சூளை மறந்து ஊரெல்லை கடந்தார். உடனே இரு கண்களின் ஒளியும் மறைந்தது. பிழை அவருடையதே, அதனை அவரும் அறிந்தார்.

அதன்பின் அவர் செய்தவை கருதத்தக்கன. அவர் அவ்விடத்திலேயே விழுந்து கிடக்கவில்லை. காணாத கண்களுடன் திருவெண்பாக்கம் சென்று முறையிட்டார். இறைவன் அங்குக் கண்ணைத் தரவில்லை. ஓர் ஊன்றுகோலைத் தந்தார். இத்தலத்துத் திருக்கோயில், பூண்டி நீர்த்தேக்கம் அமைந்தபோது வேறிடத்தில் எடுத்துக் கட்டப்பெற்று, இன்றும் ஊன்றீசுவரர் கோயில் எனப் போற்றப்படுகிறது. கோலை ஊன்றி நடந்த சுந்தரர் காஞ்சிபுரத்தில் இடக்கண் பெற்றார். ஒரு கண்ணுடன் மேலும் பல தலங்கள் நடந்து, இறுதியில் திருவாரூரில் வலக்கண்ணும் பெற்றார்.

தேர்வில் தவறிய மாணவர் இதனை ஊன்றிப் படித்தல் வேண்டும். நான்கு தாள்களில் அரியர் வைத்துள்ள மாணவன், நான்கும் ஒரே முறையில் தீரவேண்டும் என்று மலைத்து, ஒன்றையும் எழுதாது விடுகிறான். சுந்தரருக்கே முழுப்பார்வை ஒருநாளில் மீளவில்லை. முதலில் கோல், பின்னர் ஒரு கண், பின்னர் மறுகண். எளிய தாள் ஒன்றை முதலில் முடிப்பது ஊன்றுகோலாகும். அதனைப் பற்றிக்கொண்டு அடுத்ததற்கு நடக்கலாம். பாடம் சொல்லித் தரும் தோழன், ஐயம் தீர்க்கும் ஆசிரியர், நூலகத்தில் நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆகியனவும் ஊன்றுகோல்களே. கோலை ஊன்றுதல் இழிவன்று. கோலை மறுத்து விழுதலே இழப்பு.

தோல்வியின் பெயரால் உயிரைப் பொருட்படுத்தாத எண்ணம் எழுமாயின், அவ்வெண்ணம் கடந்து போகும் மேகம் என்பதை உணர்தல் வேண்டும். மருத்துவம் பயில விழைந்த மாணவி ஒருவரை 2017ஆம் ஆண்டு இழந்த துயர் அரியலூர் மாவட்டத்தின் நெஞ்சில் இன்னும் ஆறவில்லை. அம்மாவட்டத் தலைநகரிலேயே 2022 ஜனவரி 12 அன்று அரசு மருத்துவக் கல்லூரி திறந்துவைக்கப்பட்டது. அதன் அரங்கம் அம்மாணவியின் பெயரைத் தாங்கியுள்ளது. இன்று அடைபட்டதாகத் தோன்றும் கதவு நாளை திறக்கலாம். திறக்கும் நாளில் உள்ளே செல்ல நாம் இருத்தல் வேண்டும். ஒரு தேர்வைவிட, ஒரு மதிப்பெண்ணைவிட, ஓர் உயிர் பெரிது. பெற்றோர் விரும்புவது வென்ற பிள்ளையை மட்டுமன்று. வீடு திரும்பும் பிள்ளையை.

ஆறாம் பாடம்: கங்கையை ஊருக்குக் கொணர்தல்

அரியலூர் மாவட்டத்தின் மற்றொரு பெருமை கங்கைகொண்ட சோழபுரம். கி.பி. 1012 முதல் 1044 வரை அரசு செலுத்திய முதலாம் இராசேந்திர சோழன் எழுப்பிய இத்திருக்கோயில் 2004ஆம் ஆண்டு உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் ஏற்கப்பட்டது. இராசேந்திரனின் படை வடநாடு சென்று வென்றது. அவன் வெற்றியின் அடையாளமாகக் கல்தூண் நடவில்லை. கங்கை நீரைக் கொணர்வித்து, சோழகங்கம் என்னும் பேரேரியில் சேர்த்தான். அதனை நீரால் அமைந்த வெற்றித்தூண் எனத் திருவாலங்காட்டுச் செப்பேடு சிறப்பிக்கிறது. பொன்னேரி என்று இன்று வழங்கும் ஏரி அதுவே.

தொலைவு சென்று பெற்றதைத் தன் மண்ணுக்குப் பயன்படுத்துதலே உண்மையான வெற்றி என்பதை இது காட்டுகிறது. ஊரை விட்டுக் கல்லூரிக்குச் செல்லும் மாணவன் ஊரை வெறுத்துச் செல்பவன் அல்லன். கங்கை நீர் முகந்து வரச் செல்பவன். விடுமுறையில் ஊர் திரும்பும்போது, கீழ்வகுப்புப் பிள்ளைகள் இருவர்க்குக் கணக்குச் சொல்லித் தருதல், கல்லூரி விண்ணப்பம் நிரப்பத் தெரியாத அண்டை வீட்டாருக்கு உதவுதல், கோயில் குளத்தைத் தூய்மை செய்யும் பணியில் கைகொடுத்தல் ஆகியன அவனளவில் ஒரு குடம் கங்கை. பிறர்க்குப் பயன்படும்போது தன்னைக் குறித்த தாழ்வெண்ணம் தானே அகலும். ‘நான் யார்?’ என்னும் வினாவுக்குச் சொல்லால் கிடைக்காத விடை தொண்டால் கிடைக்கும்.

முன்பு எண்ணிப் பார்த்த ஆண்டிமடத்து மாணவனையும் அவ்வாறு எண்ணலாம். அடுத்த பருவத்துக் கட்டணம் செலுத்தும் நாளில் அவன் தானே தந்தையை அழைக்கிறான். தந்தை சலவைச் சட்டை அணிந்து, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு விடுதி வாயிலில் தயங்கி நிற்கிறார். மகன் அக்கைகளில் ஒன்றைப் பற்றி அறைக்குள் அழைத்துச் சென்று, “எங்கப்பா. முந்திரி உடைக்கிற வேலை செய்றாங்க” என்று தோழர்க்கு அறிமுகம் செய்கிறான். தோழர் எழுந்து வணங்குகின்றனர். ஒருவன், “எங்கப்பா சிமெண்ட் மூட்டை ஏத்துறாங்க, மாமா” என்கிறான். அவனும் அதுவரை அதனைச் சொன்னதில்லை.

பெற்றோர்க்கும் ஆசிரியர்க்கும்

இப்பாடங்கள் மாணவர்க்கு மட்டும் உரியன அல்ல. ஆலம்பொழிலில் இறைவன் அழைத்த முறை பெற்றோர் கற்க வேண்டியது. ‘எத்தனை மதிப்பெண்?’ என்று தொடங்கும் பேச்சைவிட, ‘சாப்பிட்டாயா, உறங்கினாயா?’ என்று தொடங்கும் பேச்சில் பிள்ளை மனம் திறக்கும். அண்டை வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடுதலைத் தவிர்த்தல் நலம். பிள்ளை தன் தோல்வியைச் சொல்லும்போது, முதலில் அதனைச் சொல்லிய துணிவைப் பாராட்டி, பின்னர் திருத்தம் கூறுதல் வேண்டும். ஆசிரியரோ, கடைசி வரிசையில் பேசாதிருக்கும் மாணவனின் பெயரை அறிந்து ஒருமுறை அழைத்தாலே போதும். பெயர் சொல்லி அழைக்கப்பட்டவன் மறக்கப்பட்டவன் ஆகான்.

நிறைவுரை

ஓலையால் தன்னை அறிந்து, தொகையால் அடியாரை அறிந்து, கனவால் மறதி நீங்கி, கோலால் வழி நடந்து, பதினெட்டு ஆண்டுகளில் பெருவாழ்வு வாழ்ந்தவர் சுந்தரர். அவர் காவிரி கடந்து வந்து நின்ற மழபாடியின் மண்ணில் பிறந்த மாணவச் செல்வங்கள், கல்வியோடு தெளிவும், வெற்றியோடு பணிவும், வீழ்ந்தபோது எழும் உறுதியும் பெற்று, பெற்றோரை மறவாது, பிறந்த ஊரை மறவாது, தம்மையும் மறவாது வாழ அருள்மிகு வைத்தியநாதப் பெருமான் திருவருள் புரிவாராக.

சிந்தனைக்குரிய வினாக்கள்

1. சுந்தரர் சினத்தில் சொன்ன சொல் எவ்வாறு துதியின் முதற்சொல்லாயிற்று? அதனால் அறியப்படுவது யாது?
2. திருத்தொண்டத்தொகையில் போற்றப்பெறும் தொழிலாளர் ஐவரைக் குறிப்பிடுக. தம் குடும்பத்தின் தொழில் குறித்துப் பெருமையுடன் கூறத்தக்க செய்தி ஒன்றினை எழுதுக.
3. சிறுவாச்சூர் வரலாற்றில் செல்லியம்மன் விடுதலை பெற்றது எதனால்?
4. துயருற்ற தோழன் ஒருவனுக்குச் செய்யத்தக்க உதவிகள் எவை?
5. அடுத்த விடுமுறையில் சொந்த ஊருக்குக் கொணரத்தக்க ‘ஒரு குடம் கங்கை’ எது?